நுரைக்காத தண்ணீர்

சில்லறை கிணற்றடியில் உட்கார்ந்து சோப்பைத் தேய்த்தான், தேய்த்தான், தேய்த்துக்கொண்டே இருந்தான். சோப்பு பாதியானதே தவிர நுரையைக் காணோம். உள்ளங்கையில் வெள்ளை வெள்ளையாய் ஏதோ திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். மேட்டில் ஏறும்போது வழுக்கி விழுந்து அப்பிக்கொண்ட செம்மண் அப்படியே இருந்தது.

"மேடம், இந்தத் தண்ணிக்கும் எனக்கும் ஏதோ முன்பகை போல," என்றான். "நானும் எவ்வளவோ கிச்சுகிச்சு மூட்டிப் பார்க்கறேன். சிரிக்கவே மாட்டேங்குது."

மேடம் திரும்பவில்லை. கிணற்றுச் சுவரில் அடித்திருந்த சிவப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'குடிக்கக் கூடாது' என்று மண்டல மன்றத்தின் முத்திரையோடு எழுதியிருந்தது.

"இந்தத் தண்ணி அப்படித்தாங்க," என்றாள் வாளியைக் கொண்டுவந்து கொடுத்த பெண். "சுண்ணாம்புத் தண்ணி. குழந்தையக் குளிப்பாட்டும்போதும் இதே கதைதான். ஒரு சோப்பு ஒரு வாரம் தாங்காது."

சில்லறை தேய்ப்பதை நிறுத்தினான். அந்தக் குழந்தை மூன்று மாதத்துக்கு முன்னால் இறந்துபோயிருந்தது. அவர்கள் மேட்டுக்கு வந்ததே அதற்காகத்தான்.

சில்லறை என்பது அவனுடைய நிஜப் பெயர் இல்லை. எந்த நேரமும் பேச்சைச் சில்லறையாக இறைத்துக்கொண்டே இருப்பதால் மேடம் வைத்த பெயர். முப்பது வயதுதான் ஆகிறது. அதற்குள் முன்மண்டையில் முடி ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தது. மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடித்தவர். வேலையை விட்டதும் மருத்துவமனைக்கு எதிர்மாடியில் ஒரு துப்பறியும் ஆபீஸ் திறந்தார். ரெண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு சில்லறை. அவ்வளவுதான் ஆபீஸ்.

போன வாரம் அந்த ஆபீசுக்கு ஒரு மருந்துக்கடைப் பெண் வந்தாள். வழக்கமாக வருகிறவர்கள் என் அப்பா யோக்கியர், என் தம்பி யோக்கியன், நிரூபித்துக் கொடுங்கள் என்பார்கள். இவள் தலைகீழாகக் கேட்டாள். எங்கப்பா பொய் சொல்றார், அது பொய்தான்னு நிரூபிச்சுக் கொடுங்க என்றாள்.

அவளுடைய அப்பா மண்டல மன்றத்தில் சாம்பிள்காரர். இந்த வட்டாரத்து ஆறு, ஏரி, குடிநீர்க் கிணறு எல்லாவற்றுக்கும் மன்றம்தான் பொறுப்பு. ஒவ்வொரு கிணற்றிலும் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுப்பது சாம்பிள்காரரின் வேலை. தண்ணீர் நல்லதென்றால் கிணற்றில் பச்சைப் பலகை, கெட்டதென்றால் சிவப்பு. பெருமழைக்குப் பிறகு இந்த மேட்டுக் கிணற்றுக்குப் பச்சைப் பலகை வந்தது. அடுத்த வாரம் குழந்தை போனது. மறுபடி எடுத்துப் பார்த்தால் தண்ணீர் முழுக்கக் கிருமி. மேலே இருக்கிற கோழிப்பண்ணையின் எருக்குவியல் மழையில் கரைந்து கிணற்றில் இறங்கியிருந்தது.

அப்படியென்றால் முதல் சாம்பிள் எப்படிச் சுத்தமாக வந்தது? மன்றம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னாலேயே சாம்பிள்காரர் தானாக எழுந்து நின்றார். அன்றைக்கு நான் மேட்டுக்கு ஏறவே இல்லை, டவுன் குழாயில் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்றார். இன்று மூன்று மணிக்குக் கடைசி விசாரணை. அது முடிந்தால் போலீஸ்.

மகள் நம்பவில்லை. அன்றைக்கு அப்பாவின் ஷூவில் மேட்டுச் செம்மண் இருந்ததாம், பிறகு அவள்தான் கழுவினாளாம். பண்ணைக்காரன் மிரட்டித்தான் அப்பா பழியை ஏற்றுக்கொள்கிறார் என்று அழுதாள். அப்போது சில்லறை, "ஷூவைக் கழுவித் தடயத்தை அழிச்சது நீங்கதானா, உங்களை முதல்ல பிடிக்கணும்" என்று எதையோ உளறிவைக்க, அவள் அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலிருந்து சில்லறைக்கு இந்தக் கேஸ் மேல் தனி அக்கறை.

"பெருமழைக்கு அப்புறம் சாம்பிள்காரர் இங்க வந்தாரா?" மேடம் கேட்டார்.

"வந்தாரே," என்றாள் குழந்தையின் அம்மா.

சில்லறை நிமிர்ந்தான். மேடம் அசையவில்லை. அன்றைக்குத்தானா, வேறு நாளா என்று விசாரித்தார். அன்றைக்கேதான் என்றாள் அவள். பாதையெல்லாம் சேறு, அந்த மனிதர் ஷூவெல்லாம் சேறாக ஏறி வந்தார். பாட்டிலைக் கிணற்றுத் தண்ணீராலேயே அலசி அலசி ஊற்றிவிட்டு அப்புறம்தான் நிரப்பினார். ஐஸ் பெட்டியில் வைத்தார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் காய்ச்சிக் குடிங்கம்மான்னு சொல்லிட்டுப் போனார். காய்ச்சினேன். வேளாவேளைக்குக் காய்ச்சி, ஆற வச்சுதான் குழந்தைக்குக் குடுத்தேன்." அவள் கிணற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்புறம் பச்சைப் பலகை வந்துச்சு. அன்னைக்குத்தான் நிறுத்தினேன்."

பிறகு சில்லறைதான் மெல்லக் கேட்டான், இதை ஏன் மன்றத்தில் சொல்லவில்லை என்று.

"என்கிட்ட யாரும் கேக்கலையே தம்பி. அவரே வரலைன்னு சொல்லிட்டாராம். வந்தவர் ஏன் வரலைன்னு சொல்றாருன்னு எனக்கும் புரியல."

*

இறங்கும்போது சில்லறைக்குக் கால் தரையில் பாவவில்லை. சாட்சி கிடைத்தாயிற்று, பண்ணைக்காரன் மாட்டினான், மூன்று மணிக்கு விசாரணை, மூன்றரைக்கு விடுதலை என்று அவனே தீர்ப்பெழுதிக்கொண்டு வந்தான். மேடம் மட்டும் வழி முழுக்க அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். பார்த்துவிட்டு, அந்தச் சோப்பை எடுத்து வைத்திருக்கிறாயா என்று கேட்டார்.

பரிசோதனைக் கூடம் மன்றக் கட்டடத்துக்குப் பின்பக்கம், லாரி நிறுத்துகிற இடத்தை ஒட்டி இருந்தது. லேப்காரர் தடிமனான கண்ணாடி போட்ட மனிதர். விசாரணை முடிகிறவரை அந்த முதல் சாம்பிளின் மீதியை வைத்திருக்க வேண்டும் என்பதால் பாட்டில் அப்படியே அலமாரியில் இருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டில், நீல மூடி, வயிற்றில் கிணற்றின் நம்பர் ஒட்டியிருந்தது. மேடம் ஒரு டம்ளர் அளவு கேட்டார். ஏற்கெனவே கிருமிச் சோதனை முடிந்துவிட்டதே, இன்னும் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று அவர் முறைத்தார்.

"கை கழுவணும்," என்றார் மேடம்.

லேப்காரர் சில்லறையைப் பார்த்தார். சில்லறை, "எங்க மேடத்துக்குச் சுத்தம் கொஞ்சம் அதிகம் சார், சாட்சிப் பொருள்லதான் கை கழுவுவாங்க" என்றான்.

பாதித் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, சில்லறையின் சோப்பைக் கிள்ளிப் போட்டு, மேடம் மூடிக் குலுக்கினார். குடுவையில் நுரை பொங்கியது. கொஞ்சநஞ்சம் இல்லை, கழுத்துவரை ஏறி மூடியைத் தள்ளியது.

சில்லறையின் தீர்ப்பு அங்கேயே சரிந்தது. "அப்போ இது மேட்டுத் தண்ணி இல்லையா?"

லேப்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். இந்தப் பக்கத்தில் கிணறு, ஆழ்குழாய், பண்ணைத் தண்ணீர் எதுவானாலும் சுண்ணாம்புதான், நுரைக்காது என்றார். மன்றத்தின் சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பை நீக்கி டவுனுக்குக் குழாயில் விடுகிறார்களே, அது ஒன்றுதான் நுரைக்கும்.

"இதை ஏன் சார் அப்பவே நீங்க பார்க்கல?"

"நாங்க கிருமி இருக்கா இல்லையான்னுதான் பார்ப்போம். சோப்புப் போட்டுப் பார்க்கச் சொல்லி எந்த விதியிலயும் இல்ல."

சாம்பிள்காரரைக் காப்பாற்ற வந்த சோப்பு அவர் கழுத்தையே அறுத்துவிட்டது. டவுன் குழாயில் பிடித்தேன் என்று அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. சில்லறைக்கு மகளின் முகம் ஞாபகம் வந்தது. அவளிடம் போய் என்னவென்று சொல்வது?

மேடம் நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மா பொய் சொல்லல. பாட்டிலும் பொய் சொல்லல. மேட்டுல நிரப்பினது மேட்டுத் தண்ணி. இங்க வந்து சேர்ந்தது டவுன் தண்ணி. நடுவுல எங்கயோ மாறியிருக்கு."

"பண்ணைக்காரன் மாத்தியிருப்பான்."

"மாத்தினது யாரோ தெரியாது. ஆனா குழாய்த் தண்ணின்னு இந்த மூணு மாசத்துல யாரும் கண்டுபிடிக்கல. அவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" மேடம் லேப்காரர் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு சாம்பிள் எத்தனை மணிக்கு வந்துச்சு?"

லேப்காரர் கொஞ்சம் நெளிந்தார். அன்றைக்கு மழையில் டவுன் முழுக்கக் கரண்ட் போய்விட்டதாம். கூடத்தைச் சீக்கிரமே பூட்டிவிட்டார்களாம். சாம்பிள்காரர் மேட்டிலிருந்து இறங்கி வருவதற்குள் யாரும் இல்லை. மறுநாள் காலையில்தான் பெட்டி வந்தது. அன்றன்றைக்கே ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கதவு பூட்டியிருந்தால் சாம்பிள்காரர்கள் என்ன செய்வார்கள்? ஐஸ் கரைந்துவிடும் என்று வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து வருவார்கள். எல்லாரும் செய்வதுதான். யாரும் எதுவும் சொல்வதில்லை.

*

சாம்பிள்காரரின் வீடு ரெண்டு அறையும் ஒரு சமையலறையும்தான். மனைவி போய்ப் பல வருஷம் ஆகிறது. அப்பாவும் மகளும்தான். அப்பா காலையிலேயே மன்றத்துக்குப் போய்விட்டதாக மகள் சொன்னாள். விசாரணைக்குப் போகிறவர் எதற்கு மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டாள். கேட்கும்போதே கண் கலங்கியது.

அந்தக் கண்ணைப் பார்த்தால் சில்லறையால் சும்மா இருக்க முடியுமா? மேடம் தடுப்பதற்குள் வாயை விட்டுவிட்டான். குழந்தையின் அம்மாவே உங்க அப்பாவைப் பார்த்திருக்காங்க, அவர் விரலைக் குழந்தை பிடிச்சுக்கிட்டதுகூட ஞாபகம் இருக்கு அவங்களுக்கு என்றான். மகள் அப்படியே சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு அழுதாள். இது சந்தோஷ அழுகை என்று சில்லறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மேடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். வெள்ளைப் பிளாஸ்டிக், நீல மூடி. சில்லறை ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அதைப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்திருந்தான். கதவில் அதே மாதிரி இன்னும் மூன்று நின்றன. மன்றத்தில் கழித்துக்கட்டுகிற பாட்டில்கள், கெட்டி பாட்டிலாச்சே என்று அப்பா கொண்டுவந்துவிடுவார் என்றாள் மகள்.

"சாம்பிள் எடுத்துட்டு வந்தா எங்க வைப்பார்?"

"கீழ்த் தட்டுல. கதவுல இருக்கறது எங்களுக்கு."

மேடம் மடமடவென்று பாதி பாட்டிலைக் குடித்தார். அவருக்கு அவ்வளவு தாகம் எடுத்து சில்லறை பார்த்ததே இல்லை. குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். மகள் சில்லறையிடம், மூன்று மணிக்கு அந்த அம்மா வருவாரா, வண்டி வைத்து அழைத்துவர வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே பாட்டிலை வாங்கினாள். கேட்டுக்கொண்டே குழாயடியில் பிடித்தாள். நிரம்பியதும் மூடியைத் திருகினாள். கையால் ஈரத்தை வழித்துவிட்டாள். ஃப்ரிட்ஜைத் திறந்து இருந்த இடத்திலேயே வைத்துச் சாத்தினாள். அவள் கண் ஒரு தடவைகூட பாட்டில் பக்கம் போகவில்லை.

சில்லறை ஏதோ ஜோக் சொல்ல வாயைத் திறந்திருந்தான். அது அப்படியே நின்றுவிட்டது.

"குடிச்சதும் நிரப்பி வச்சிடுவியாம்மா?" மேடத்தின் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

"ஐயோ, இல்லன்னா அப்பா விடமாட்டார். யார் குடிச்சாங்களோ அவங்க நிரப்பணும். சின்ன வயசுல இருந்தே இந்த வீட்டுச் சட்டம்."

மேடம் இன்னொன்றையும் கேட்டார். பெருமழையன்று கரண்ட் போனபோது நீ எங்கே இருந்தாய் என்று. மருந்துக்கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு இருட்டில் நனைந்துகொண்டே வந்ததாக மகள் சொன்னாள். அப்பா களைத்துப்போய்த் தூங்கிக்கொண்டிருந்தார். மெழுகுவத்தி தேடினால் கிடைக்கவில்லை. ஃப்ரிட்ஜில் கைக்குக் கிடைத்த பாட்டிலை எடுத்து முழுக்கக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

"மழைல நனைஞ்சது ஒத்துக்கல போல. மறுநாள்ல இருந்து ஒரே வயித்துப்போக்கு, காய்ச்சல். ரெண்டு நாள் எழுந்திருக்கவே இல்ல. அப்பாதான் லீவு போட்டுப் பார்த்துக்கிட்டார்." சொல்லிவிட்டு அவள் பரபரப்பாகக் கைப்பையை எடுத்தாள். "நீங்க அப்பாகிட்ட போங்க மேடம். நானே ஆட்டோ பிடிச்சு மேட்டுக்குப் போய் அவங்களைக் கூட்டிட்டு வந்துடறேன்."

"கொஞ்சம் இரும்மா," என்றார் மேடம்.

ஏன் என்று அவள் கேட்டாள். மேடத்திடம் இருந்த ஒரே காரணம் சொல்ல முடியாதது. மகள் சில்லறையைப் பார்த்துச் சிரித்தாள், இந்தத் தடவை அழுகை கலக்காத சிரிப்பு அது, ரொம்ப தேங்க்ஸ் என்றாள், படியிறங்கி ஓடினாள்.

சில்லறை ஃப்ரிட்ஜைத் திறந்து, கீழ்த் தட்டையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான்.

*

விசாரணை அறைக்கு வெளியே நீண்ட பெஞ்சில் சாம்பிள்காரர் உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை. மடியில் ஒரு துணிப்பை, அதன் வாயில் டூத்பிரஷ் எட்டிப்பார்த்தது. எதிர்ச் சுவரில் வட்டாரத்தின் பெரிய வரைபடம். ஆறுகள் நீலக் கோடுகளாக ஓடின, கிணறு இருக்கிற இடத்திலெல்லாம் பச்சையும் சிவப்புமாகக் குண்டூசி குத்தியிருந்தார்கள்.

மேடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டில் நுரைத்துவிட்டது என்றார்.

"அப்போ நான் சொன்னது சரியாப் போச்சு," என்றார் அவர்.

"நீங்க மேட்டுக்குப் போனீங்க. உங்க வீட்டுல இப்ப நான் தண்ணி குடிச்சேன். குடிச்ச பாட்டிலை உங்க பொண்ணு நிரப்பி வச்சா."

சாம்பிள்காரர் மெதுவாகப் பையை இறுக்கிப் பிடித்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியைத்தான் அவர் நேராக மேடத்தின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்றதும் மூச்சு விட்டார்.

பிறகு அவரே சொன்னார். குழந்தை இறந்த செய்தி வந்தபோது முதலில் ஒன்றும் விளங்கவில்லையாம். தன் கையால் எடுத்த தண்ணீர், அது எப்படிச் சுத்தமாக இருக்கும் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாராம். அந்தக் குழந்தைக்கு முதலில் வயிற்றுப்போக்கு, அப்புறம் காய்ச்சல் என்று யாரோ பேசியது காதில் விழுந்தது. மகள் படுத்துக் கிடந்த ரெண்டு நாள் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து, பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"அவளுக்கு நான் சொல்லிச் சொல்லிப் பழக்கினது மேடம். அம்மா இல்லாத வீடு, வேலையைப் பங்கு போட்டுக்கணும்னு. பூட்டின கதவைத் தட்டாம சாம்பிளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது நான். ஆபீஸ் பாட்டிலைக் குடிக்க வச்சது நான். அவ செஞ்சது என்ன? அப்பா சொன்னதைக் கேட்டா."

"அப்போ இதையே உள்ள சொல்லுங்க. வீட்டுல வச்சது தப்புன்னு சொல்லுங்க. வேலை போகும், ஜெயில் இருக்காது."

"சொன்னா அடுத்த கேள்வி என்ன மேடம்? வீட்டுல வேற யார் யார் இருக்கீங்கன்னு கேப்பாங்க."

எத்தனையோ பொய்க் கணக்கைப் பிடித்த மேடம், இந்தப் பொய்யைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மகள் முதலில் இறங்கி, குழந்தையின் அம்மாவுக்குக் கை கொடுத்து இறக்கினாள். சாம்பிள்காரர் அந்த ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தார். ஜெயிலுக்குப் பை கட்டிக்கொண்டு வந்த மனிதர், அந்தப் பையைப் பெஞ்சிலேயே போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

அந்தம்மா உள்ளே போய், அவர் வந்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாட்டில் எங்கே மாறியது என்று தோண்டுவார்கள். தோண்டினால் நேராக ஒரு சமையலறைக்கு வந்து நிற்கும்.

"உன் வாய்தான் இதை ஆரம்பிச்சுது," என்றார் மேடம். கோபமாகச் சொல்லவில்லை. "நான் பொண்ணைக் கூட்டிட்டுப் போய் சாட்சி எழுதறவர்கிட்ட நிறுத்தி வைக்கறேன். நீ அந்தம்மாகிட்ட பேசு."

"என்ன மேடம் பேசறது?"

"நடந்ததை. வேற எதுவும் கேக்க நமக்கு உரிமை இல்ல."

வரைபடத்துக்குப் பக்கத்தில், ஜன்னலோரம், சில்லறை அந்தம்மாவிடம் சொன்னான். பூட்டிய கதவு, கரண்ட் போன வீடு, ஒரே மாதிரி பாட்டில்கள், வீட்டுச் சட்டம் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். பிறந்ததிலிருந்து ஒரு ஜோக்கும் கலக்காமல் அவன் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் வரைபடத்தில் தன் கிணற்றின் சிவப்புக் குண்டூசியைத் தேடிக் கண்டுபிடித்து அதையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பொண்ணும் அந்தத் தண்ணியக் குடிச்சுதா?"

"குடிச்சாங்க. ரெண்டு நாள் படுத்துக் கிடந்தாங்க."

"பொழைச்சுக்கிச்சு."

"ஆமாங்க."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்க சில்லறைக்குத் தைரியம் வரவில்லை.

*

நீர்வளப் பிரிவின் தலைவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். லேப்காரர் குடுவையோடு வந்து, நுரையைக் காட்டி, இது டவுன் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சாம்பிள்காரர் முன்பு சொன்னதையே மறுபடி சொன்னார். மகள் பின்வரிசையில் நாற்காலி நுனியில் இருந்தாள். அவள் கண் முழுக்க அந்தம்மாவின் மேல்தான்.

சாம்பிள்காரர் அன்றைக்கு உங்கள் கிணற்றுக்கு வந்தாரா என்று தலைவர் கேட்டார்.

குழந்தையின் அம்மா திரும்பிப் பார்த்தாள். அப்பாவை இல்லை, பின்வரிசையில் இருந்த மகளை. மகள் வேகவேகமாகத் தலையாட்டினாள், சொல்லுங்க சொல்லுங்க என்கிற மாதிரி.

"வரலைங்க."

தலைவர் சாட்சிக் குறிப்பைப் பார்த்துவிட்டு மகளின் பக்கம் கை காட்டினார்.

"இந்தப் பொண்ணுகிட்ட வந்தார்னு சொன்னீங்களாமே?"

"வேற நாள் வந்ததை மாத்திச் சொல்லிட்டேன். அன்னைக்கு யாரும் வரலை."

மகள் எழுந்து என்னவோ சொல்ல வந்தாள். மேடம் அவள் தோளில் கை வைத்து உட்கார வைத்தார்.

வெளியே வந்ததும் சில்லறை அந்தம்மாவின் பின்னாலேயே ஓடினான். நன்றி என்று சொன்னால் அசிங்கமாக இருக்கும் போலத் தோன்றியது. அவளே பேசினாள்.

"நான் என் கையாலதான் தம்பி குழந்தைக்குக் குடுத்தேன். காய்ச்சாம. அந்த நினைப்போட காலையில எழுந்திருக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்கு எதுக்கு." ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "பழியை அவரே கேட்டு நிக்கறாரு. குடுத்துட்டேன். ஆனா இனிமே என் வீட்டுப் பக்கம் யாரும் வராதீங்க."

சில்லறை திரும்பி வரும்போது சாம்பிள்காரர் பெஞ்சுக்கு முன்னால் நின்றிருந்தார். ரெண்டு பக்கமும் போலீஸ்காரர்கள். எதிரே மகள்.

"மூணு மாசமா தெருத்தெருவா எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லன்னு சொல்லிட்டிருந்தேன்," என்றாள். அவள் அழவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. "கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். என்கிட்டயாவது நீ உண்மையைச் சொல்லியிருக்கலாம்லப்பா."

"சொன்னேனேம்மா," என்றார் அப்பா. "நீதான் நம்பல."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள், முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி. பிறகு நகர்ந்தாள். சில்லறையைத் தாண்டும்போது, ஃபீஸ் எவ்வளவு என்று மேடத்திடம் கேட்டுச் சொல்லுங்க என்றாள். படியிறங்கிப் போனாள்.

சாம்பிள்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் தெருவைத் தாண்டி, மருந்துக்கடைப் பக்கம் திரும்பி, மறைகிறவரை பார்த்தார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. துணிப்பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"போலாங்க," என்றார் போலீஸ்காரரிடம்.